ஏழாம் வீட்டின் தூசி

போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து போன் வந்தது. சுற்றுச்சூழல் அறிவியல் துறையின் மொட்டை மாடியில் புதிதாக ஒரு பெட்டி வைத்திருக்கிறார்களாம். அது காற்றை முகர்ந்து, நிமிடத்துக்கு ஒரு முறை தூசியின் அளவைக் கைபேசிக்கு அனுப்பிவிடுமாம். அந்தப் பெட்டிக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு மலர், மலருக்கு என்னிடமிருந்து இரண்டு பக்கம். "மேடம், உங்க காலத்துல எவ்வளவு கஷ்டப்பட்டீங்கன்னு கொஞ்சம் இன்ஸ்பயரிங்கா எழுதுங்க" என்றது ஓர் இளங்குரல். எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நான் வாங்கியது விருப்ப ஓய்வு, வீர மரணம் அல்ல. இன்ஸ்பயரிங்காக என்னிடம் ஒன்றும் இல்லை, தூசி இருக்கிறது, அதை எழுதுகிறேன் என்றேன். குரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி மேடம், ரெண்டே பக்கம்" என்றது. இதோ, ஆரம்பத்திலேயே மீறுகிறேன்.

நான் பிறந்ததும் வளர்ந்ததும் கோலார் தங்கவயலில், ஊரிகத்தில். படித்ததும் உழைத்ததும் பெங்களூரில். இரண்டுக்கும் நடுவே ரயில். இருபத்தாறு வருடம் அதில் நின்றுகொண்டே போனேன். பங்காருப்பேட்டை வரைக்கும் பூக்கட்டுகிறவர்களின் ஈரம், அதற்குப் பிறகு சீட்டாடுகிறவர்களின் சத்தம், வைட்ஃபீல்டில் பாதி வண்டி இறங்கியதும் இரும்புக்கே மூச்சு வந்தது போல ஓர் அசைவு. என் உடம்பின் பாதி இன்னும் மணிக்கு அறுபது கிலோமீட்டரில் போய்க்கொண்டிருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் கால் துடிப்பது அதனால்தான், கவிதை எழுதுவதும் அதனால்தான். டாக்டர் இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார்.

எம்.எஸ்ஸி. சுற்றுச்சூழல் அறிவியலில் இடம் கிடைத்தபோது, சுரங்கத்தில் பாறை சரியாமல் மரமுட்டுக் கொடுக்கும் வேலை பார்த்த என் அப்பா விசாரணை வைத்தார்.

"சுற்றுச்சூழல்னா இன்னா?"

"நம்மள சுத்தி இருக்கிறதுப்பா. காத்து, தண்ணி, மண்ணு."

"எல்லாந்தான் இங்கியே கீதே. இத்த படிக்க பெங்களூர் போவணுமா?"

கேட்டது நியாயம். இரண்டு வருடம் படித்ததில் எங்கள் ஊர் ஒன்றரை வரியாக வந்தது, அதுவும் தேர்வுக்கு வராத பகுதியில். எங்கள் வீடுகளுக்குப் பின்னால் மலை மலையாக நிற்கும் சாம்பல் மேடுகளுக்குப் புத்தகத்தில் ஒரு நாகரிகமான பெயர் இருந்தது. நாங்கள் அதைச் சயனைட் மலை என்போம். பாறையை மாவாக அரைத்து, சயனைடு போட்டுத் தங்கத்தை உருவிக்கொண்டு, மிச்ச மாவைக் கொட்டி வைத்தது. தங்கம் போய்விட்டது. மாவு இருக்கிறது. காற்றடித்தால் நம் வீட்டுச் சோற்றுக்கு வரும்.

படிப்பு முடிந்ததும் அதே துறையில் ஆய்வகத் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்தேன். பதவியின் பெயர்தான் நீளம். குடுவை கழுவுவது, மாணவர்களைக் களத்துக்கு ஓட்டிச் செல்வது, அவர்கள் உடைத்ததற்குப் புகார் எழுதுவது, இவைதான் வேலை. முதல் களப்பயணம் பேத்தமங்களா ஏரிக்கு. ஏழு மாணவர்கள் கரையில் நின்று ஆளுக்கொரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தார்கள். பக்கத்து வயலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த அம்மாள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, இந்த தண்ணிதான் குழாய்ல ஊருக்கே வருது. அங்கியே புடிச்சிகினு இருக்கலாமே?"

துறைத் தலைவர் பேராசிரியர் நரஹரி. மைசூர்க்காரர். ஒட்டடைக்கம்பு மாதிரி உயரம், ஆனால் ஒட்டடை இல்லாத மனிதர். என் பெயரோடு கன்னட மரியாதையைச் சேர்த்து "அமுதாவ்ரே" என்றுதான் கூப்பிடுவார், கோபத்திலும்கூட, கோபத்தில் இன்னும் மரியாதையாக. அவர் பேசியது கன்னடம், நான் தமிழில் தருகிறேன்.

அவருடைய ராஜ்யம் எடை அறை. குளியலறை அளவுதான் இருக்கும். உள்ளே கண்ணாடிக் கூண்டுக்குள் ஒரு தராசு, ஒரு மயிரிழையின் எடையையும் நான்கு தசமத்துக்குச் சொல்லும். மின்விசிறியை அவரே கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டார். உள்ளே போகிறவர்கள் வளையலைக் கழற்ற வேண்டும், தும்மல் வருமென்றால் வெளியே போய்விட வேண்டும், எண் நிலைக்கும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். எதையும் மூன்று முறை நிறுப்பார். "முதல் எடை நம் ஆசை. இரண்டாவது நம் சந்தேகம். மூன்றாவதுதான் எடை" என்பார். ஒருமுறை துணைவேந்தர் பரிவாரத்தோடு சிரித்துக்கொண்டே நுழைந்தார். நரஹரி சார் திரும்பாமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். கடைசி எண் அசைந்து அசைந்து உட்காரும் வரை துணைவேந்தரும் பரிவாரமும் கன்னம் உப்ப நின்றார்கள். என் பணிக்காலத்தில் நிர்வாகம் வாயை மூடியிருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அடுத்தது களப் பதிவேடு. நாள், நேரம், இடம், மாதிரி எண் எல்லாம் போட்டு, கடைசியில் "குறிப்பு" என்று ஒரு பத்தி. அதில் கோடு போட்டால் நோட்டைத் திருப்பி வீசுவார். 'இல்லை' என்று எழுதினாலும் வீசுவார். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முழு வாக்கியமாக எழுத வேண்டும்: "ஒன்றும் நடக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்." முதல் பாதியை எவனும் எழுதுவான், இரண்டாவது பாதிக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் என்பார். நானும் வருடக்கணக்கில் அதை எழுதினேன். ஆயிரம் தடவை எழுதிய வாக்கியம் கைக்குத் தானாக வரும். அதுதான் அதிலுள்ள ஆபத்து.

ரம்யா எம்.எஸ்ஸி. கடைசி வருடம் படித்த பெண். சிக்கமகளூரு பக்கம், காபித் தோட்டத்துப் பச்சையிலிருந்து வந்தவள். புனேயில் ஓர் ஆய்வு நிறுவனம் அவளுக்கு இடம் கொடுத்திருந்தது, அந்தப் பருவம் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் மட்டும். சமர்ப்பிக்காவிட்டால் இடம் அடுத்தவருக்கு. அவள் எடுத்த தலைப்பு சயனைட் மேட்டுத் தூசி. எங்கள் ஊர் மைசூர் மைன்ஸ் பகுதியில் மேட்டை நோக்கிப் போகும் ஒரு தொழிலாளர் லைன் உண்டு, ஒட்டி ஒட்டி ஏழு வீடு. வீட்டுக்கு ஒரு தூசி ஜாடி வைக்க வேண்டும். ஜாடி என்றால் பெரிய மர்மமில்லை. வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் ஏனம், அதில் காய்ச்சி வடித்த தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம். தண்ணீர் இளநீலமாக இருக்கும். ஒரு மாதம் வானத்தைப் பார்த்து வைத்தால், விழுந்த தூசியெல்லாம் அடியில் தங்கும். அதை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்தால் ஊர் என்ன சாப்பிட்டது என்று தெரியும்.

எந்த மாதம் வைப்பது என்று நரஹரி சார் என்னைத்தான் கேட்டார். நீங்கள் அந்த ஊர்க்காரர், காற்று உங்களுக்குத் தெரியும் என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு ஆடி என்றேன். ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி வரும் என்று சொல்ல ஒரு கவிதை போதாது. மேட்டின் உச்சி முதலில் புகையும். பிறகு மலை ஒரு போர்வையைப் போலத் தன்னையே உதறும். துவைத்துக் காயப்போட்ட வேட்டி திரும்பவும் வேலைக்குப் போய்வந்தது போல ஆகிவிடும். அதையெல்லாம் விவரித்தேன், சார் நோட்டில் எழுதிக்கொண்டார். ஜாடிகளை வைத்தோம். நான் மறந்தது ஒன்றே ஒன்று. ஆடியில் காற்று மட்டுமா வரும், அம்மனும் வருவாள்.

ஒரு மாதம் கழித்து ஜாடிகளை எடுக்க ரம்யாவும் நானும் போனோம். முதல் வீடு மல்லிகாவுடையது. லைனுக்கே அவள்தான் தலைவர், தேர்தல் இல்லாமல். அவள் வீட்டு வாசலில் எங்கள் ஜாடி பளபளவென்று நின்றது. கழுத்தைச் சுற்றி மஞ்சள், நெற்றி என்று ஒன்று இருந்தால் அந்த இடத்தில் குங்குமம், உள்ளே தண்ணீருக்குப் பதிலாக ஒரு வேப்பங்கொத்து.

"இன்னா மல்லிகா இது?"

"நல்லா இருக்குதாக்கா?"

"உள்ள தண்ணி இருந்துச்சே."

"ஒரு மாசமா தண்ணி நிக்குது. கொசு முட்ட போடும்னு ஆஸ்பத்திரியிலருந்து வந்து திட்டிட்டுப் போனாங்க. அம்மனுக்கு கூழு ஊத்தறதுக்கு வூடெல்லாம் கழுவனோம். இத்த மட்டும் தூசோட வுடுவமா? பெங்களூர்லருந்து படிச்சவங்க வர்றாங்க, வாசல்லியே அழுக்கு ஏனம் இருந்தா எங்கள இன்னான்னு நெனைப்பாங்க?"

"மத்த வூட்டுல?"

"நான்தான் எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள் பெருமையோடு.

வரிசையாகப் பார்த்தோம். ஆறு வீட்டிலும் ஆறு மணப்பெண்கள் மாதிரி ஜாடிகள். ஒன்றில் சாமந்தி. ரம்யா மல்லிகா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா இல்லையா என்று அவளுக்கே தெரியாத முகம். மல்லிகாவுக்குத் தாங்கவில்லை. என்ன தப்பு செய்தோம் என்று புரியாமலேயே ஒரு சொம்பு கூழைக் கொண்டுவந்து, "குடிம்மா, அப்பறம் அழு" என்று கன்னடத்தில் சொன்னாள்.

நான் தனியாக ஏழாம் வீட்டுக்குப் போனேன். லைனின் கடைசி, மேட்டுக்கு மிக அருகில். அங்கே இருந்தவர் பொன்னுரங்கம் பெரிப்பா. என் அப்பாவோடு ஒரே ஷிஃப்ட்டில் சுரங்கக் கூண்டில் இறங்கியவர், அடியில் பாறைக்குத் துளைபோடும் மெஷினைப் பிடித்தவர். நெஞ்சில் கல் தூசி ஏறி நுரையீரல் பாதியாகிவிட்டது. மனைவி போன பிறகு அந்த வீட்டில் துடைப்பம் ஓய்வூதியத்தில் இருந்தது. அவர் ஜாடியை எட்டிப் பார்த்தேன். கழுவவில்லை. நீலம் போய்ச் சாம்பல், அடியில் இரண்டு விரல் சேறு.

அப்புறம்தான் தோன்றியது, ஒரு மாதத்துக்கு இரண்டு விரல் அதிகம்.

"பெரிப்பா, இதுல எதனா செஞ்சீங்களா?"

"இன்னா செய்வேன்? நீங்க வெச்சீங்க, நான் பாத்துகினு இருந்தேன்."

"நெஜமா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அவரைக் கட்டிலில் உட்கார வைத்தது. மூச்சு திரும்பியதும் சொன்னார். "ஜன்னல் மேல இருந்தத கொஞ்சம் தள்ளனேன். பரண் மேல இருந்தத கொஞ்சம். ஒரு மாசத் தூச வெச்சி அவங்களுக்கு இன்னா தெரியும்? எத்தினி வருசத்து தூசி இது. எல்லாம் அந்த மேட்டுலருந்து வந்ததுதான? நான் இன்னா கடையில வாங்கியா போட்டேன்?"

நான் ஜாடியை மூடி ஒட்டினேன். பதிவேட்டைத் திறந்தேன். ஆறு வீட்டுக்கும் "கழுவப்பட்டது" என்று எழுதியாயிற்று. ஏழாவதற்குக் குறிப்புப் பத்தி வெறுமையாக என்னைப் பார்த்தது. அவர் சொன்னதில் பொய் எங்கே என்று யோசித்தேன். தூசி உண்மை. மேடு உண்மை. அவர் நெஞ்சு எக்ஸ்ரே உண்மை. மாதம் மட்டும்தான் பொய். வாசலில் ஒரு பெண் கூழ்ச் சொம்போடு தன் புனேயை இழந்துகொண்டிருந்தாள். என் கை தானாகப் போனது. "ஒன்றும் நடக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்."

ரம்யாவிடம் சொன்னேன், "இந்த ஒண்ணு நல்லா இருக்கு." அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் வடிகட்டினோம், அடுப்பில் உலர்த்தினோம், ஈரம் ஏறாமல் மூடி ஆறவைத்தோம். எடை அறையில் நரஹரி சார், ரம்யா, நான். மூச்சைப் பிடித்தோம். முதல் எடை. ரம்யாவின் கண் விரிந்தது. இரண்டாம் எடை. மூன்றாம் எடை. மூன்றும் ஒன்றுபோலவே, பயங்கரமாக. ஆறு வீடு போனாலும் இந்த ஒரு வீட்டை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம், செய்தித்தாளில்கூட வரும். ரம்யா அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். சார் வடிதாளை எடுத்துப்போய் நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். வெகுநேரம் குனிந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

பாறைத்துகள் இருந்தது, மினுமினுவென்று. அதோடு சுண்ணாம்புப் பொருக்கு. ஒரு சிலந்தி இழை. ஒரு பீடிக் கட்டின் சிவப்பு நூல். நட்ட நடுவில், மரம் மாதிரி படுத்துக் கிடந்தது ஒரு துடைப்பக் குச்சி நுனி.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. களப் பதிவேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"அமுதாவ்ரே, ஏழாம் வீட்டுக் குறிப்பை வாசித்துக் காட்டுங்கள்."

வாசித்தேன். முதல் பாதி வந்தது. இரண்டாவது பாதியில் குரல் நின்றுவிட்டது. ரயில் சிக்னலுக்கு நிற்பது போல, எப்போது கிளம்பும் என்று தெரியாமல். அவர் காத்திருந்தார். அந்த மனிதருக்கு எண் நிலைக்கும் வரை காத்திருப்பது புதிதல்ல.

"அவரே போட்டார் சார். என்னிடம் சொன்னார். நான் எழுதவில்லை."

"சரி. ஒற்றைக் கோடு போட்டு அடியுங்கள். கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் நடந்ததை எழுதுங்கள், கையெழுத்துப் போடுங்கள்." பேனாவைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான் என் தண்டனை. திட்டியிருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

ரம்யா மறக்கிற மாதிரி இல்லை. வராந்தாவில், கழற்றி வைத்த மின்விசிறிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்தினாள்.

"நல்லா இருக்குன்னு சொன்னீங்களே அக்கா."

"உனக்காகத்தான்..."

"எனக்காகச் செய்யாதீங்க. இது வெளிய வந்திருந்தா, அந்த ஊர்ல இனிமே யார் தூசின்னு சொன்னாலும், துடைப்பக்குச்சி எங்கன்னு கேப்பாங்க."

இருபத்து மூன்று வயது. நான் சொல்ல வேண்டியதை அவள் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது, நியாயமாக இருக்கிறவர்கள்மேல் வருகிற அந்தக் கோபம்.

பருவம் முடிய ஒன்பது வாரம் இருந்தது. இன்னொரு முறை ஜாடி வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடுத்த ஞாயிறு லைனுக்குப் போய் மல்லிகாவிடம் கெஞ்சினோம். இந்த முறை கழுவக்கூடாது, தண்ணீரைக் கொட்டக்கூடாது, பொட்டு வைக்கக்கூடாது. அவள் இடுப்பில் கைவைத்துக் கேட்டுக்கொண்டாள்.

"தூசு வேணும்னா எதுக்கு டப்பாவ வெச்சிகினு ஆகாசத்த பாத்துகினு கீறீங்க? தினமும் ரெண்டு வேள ஜன்னல தொடச்சி தொடச்சி என் கை ஒடியுது. அத்த எடுத்துகினு போங்களேன்."

நான் சிரித்தேன். ரம்யா சிரிக்கவில்லை. அவள் ஜன்னலருகே போய், அடிக்கட்டையில் விரலால் ஒரு கோடு இழுத்து, விரலைப் பார்த்தாள். திங்கள்கிழமை காலை எனக்கு முன்பே நரஹரி சார் அறை வாசலில் நின்றிருந்தாள்.

சார் மூன்று நாள் யோசித்தார். பிறகு முறை பிறந்தது. ஒவ்வொரு வீட்டிலும் ஜன்னல் அடிக்கட்டையில் ஓர் அடி நீளம் பென்சிலால் குறிக்க வேண்டும். முன்பே நிறுத்த மெல்லிய துணி, நாளுக்கு ஒன்று, உறையில். மாலை ஆறு மணிக்கு அந்த ஓர் அடியை மட்டும் ஒரே துடைப்பில் துடைத்து, மடித்து, உறையில் போட்டு, அன்று நடந்ததைக் குறிப்பில் சொல்ல வேண்டும். முப்பது நாள். கூடவே வாரத்துக்கு ஒரு வெறுந்துணி: உறையைத் திறந்து, எடுத்து, எதையும் துடைக்காமல் திரும்ப வைக்க வேண்டும். துணியே வழியில் எவ்வளவு எடை கூடுகிறது என்று பார்க்க.

"தொடைக்காத துணியையுமா எடை போடுவீங்க?" என்றாள் மல்லிகா.

"ஆமா."

"இதுக்கு இன்னாக்கா படிப்பு?"

"எம்.எஸ்ஸி."

"நான் தொடைக்கிறேன், எனக்கு ஒண்ணுமில்ல. தொடைக்காததுக்கு எம்.எஸ்ஸி." லைன் முழுக்க அதைச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் ஒரு நாளும் ஆறு மணி தப்பவில்லை. தினமும் சாயங்காலம் ரயிலிலிருந்து இறங்கி நேரே அங்கே போவேன். பெண்கள் சொல்லச் சொல்லக் குறிப்பு எழுதுவேன். 'நாத்தனார் வந்தாள், அதனால் அஞ்சரைக்கே துடைத்தேன்.' 'குழந்தை குறிப்புக் கோட்டின்மேல் உட்கார்ந்தது.' 'கோபத்தில் அழுத்தித் துடைத்துவிட்டேன், யார்மேல் என்று எழுத வேண்டாம்.'

பொன்னுரங்கம் பெரிப்பாதான் சிக்கல். அவர் வீடு இல்லாமல் ஆய்வு இல்லை, மேட்டுக்கு முதல் வாசல் அது. அவரிடம் போய், ஏழாம் வீட்டுக் குறிப்பைக் கோடு போட்டு அடித்ததைச் சொன்னேன்.

"என் தூச அடிச்சிட்டியா?"

"அடிச்சிட்டேன் பெரிப்பா."

"உங்கப்பன் இருந்திருந்தா அடிச்சிருப்பானா?"

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நெஞ்சுக்குள்ள கீறத வெளிய எடுத்துப் போட முடியல. முடிஞ்சிருந்தா அதத்தான் போட்டிருப்பேன். அதான் ஜன்னல்ல கீறத போட்டேன். அத்தயும் வேணான்ட்ட. போ, வேற ஆள பாரு."

நான் வந்துவிட்டேன். ரம்யா போனாள், தனியாக, அவளுடைய காபித் தோட்டத்துக் கன்னடத்தோடு. என்ன பேசினார்கள் என்று முழுதாகத் தெரியாது. அரைமணி கழித்து வெளியே வந்தவள், அவர் செய்வார், ஆனால் குறிப்பை அவரே எழுதுவாராம், உங்களை நம்ப முடியாதாம் என்றாள். எனக்குத் தேவைதான்.

முப்பது நாள் அந்த மனிதர் ஓர் அடியைத் துடைத்தார். அடிக்கட்டையின் மற்றப் பகுதி முழுக்கச் சாம்பல் படிந்திருக்கும், நடுவில் பென்சில் கோட்டுக்குள் மட்டும் பழைய பச்சை பெயிண்ட் பளிச்சென்று தெரியும், அந்த வீட்டின் ஒரே நாகரிகமான இடமாக. மீதியையும் துடைத்துவிடலாமே என்று மல்லிகா கேட்டதற்கு, "அது ஆராய்ச்சியில வராது" என்றாராம். பதினேழாம் நாள் உறையில் துணி மடிப்புக் கலையாமல் இருந்தது. குறிப்பில் நடுங்கிய எழுத்து: 'மூச்சு வாங்கியது. துடைக்கவில்லை.'

மறுநாள் நான் போனபோது அவரே சொன்னார். "ரெண்டு நாளுக்கும் சேத்துத் தொடச்சி, நேத்தி துணியில பாதி வெச்சிடலாம்னு நெனச்சேன். மனசு வந்துச்சு."

"அப்பறம்?"

"அந்தப் பொண்ணு எல்லாத்தயும் பூதக்கண்ணாடியில பாக்குமாமே." உறையை என்னிடம் நீட்டி, "அதுக்காக இல்ல" என்றார்.

எண்கள் ஜாடி அளவுக்குப் பயங்கரமாக இல்லை. காற்று தணிந்துவிட்டிருந்தது. ஆனால் ஏழாம் வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கு ஒழுங்காக, படிப்படியாகக் குறைந்தன, யாரும் மறுக்க முடியாதபடி. ரம்யா கடைசி நாளுக்கு முந்தின நாள் சமர்ப்பித்தாள். வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், "ஏழாம் வீட்டில் பதினேழாம் நாள் ஏன் காலியாக இருக்கிறது? முன்னும் பின்னும் எடுத்துச் சராசரி போட்டு நிரப்பியிருக்கலாமே" என்று கேட்டார். "அன்றைக்கு அவருக்கு மூச்சு வாங்கியது சார்" என்றாள் ரம்யா. தேர்வாளர் மேற்கொண்டு ஏதாவது வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. நரஹரி சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், கன்னம் லேசாக உப்பியபடி.

ரம்யா புனேக்குப் போகும் முன் ஆய்வேட்டின் ஒரு பிரதியைப் பெரிப்பாவுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தாள். பின்னிணைப்பில் ஏழு வீட்டுக் குறிப்புகளும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தன. கொண்டுபோனேன். அவர் அட்டையைத் தடவினார், எடையைக் கையால் பார்த்தார், "என் வூட்டு பக்கத்த மட்டும் படி" என்றார். ஒவ்வொரு நாளாகத் தமிழில் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பன்னிரண்டாம் நாளில் கையை உயர்த்தினார்.

"இன்னான்னு போட்டிருக்குது?"

"ஆறு மணிக்குத் துடைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை."

"அது பொய்யி."

"இன்னா பெரிப்பா?"

"அன்னிக்கி சாயங்காலம் பக்கத்து வூட்டுல டிவியில கிரிக்கெட்டு. காலையிலியே தொடச்சிட்டுப் போய்ட்டேன். ஆறு மணின்னு சும்மா எழுதனேன். மாத்து."

"அச்சடிச்சாச்சு பெரிப்பா. பட்டமும் குடுத்தாச்சு."

"அதுக்கு? ஒத்தக் கோடு போடு. கீழ கீறது தெரியணும். சார் அப்படித்தான் சொன்னாருன்னு அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லிச்சு."

நான் பேனாவை எடுத்தேன். ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: காலையில் துடைத்தேன், மாலையில் இல்லை, காரணம் கிரிக்கெட். அவர் பேனாவை வாங்கிக் கீழே பொ. பொன்னுரங்கம் என்று கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார், சாட்சிக்கு.

பெட்டிக்கு விழா எடுக்கிற பிள்ளைகளே, துறை நூலகத்தில் அந்த ஆய்வேட்டின் இன்னொரு பிரதி இருக்கிறது. அதில் பன்னிரண்டாம் நாள் இன்னும் ஆறு மணி என்றே இருக்கிறது. யாராவது போனால் ஒரு பேனாவோடு போங்கள்.